சாப்பிட்ட பிறகு சொல்லும் செய்தி

இந்த ஊரில் பாலை வாசலில் வைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். கண்ணாடிப் புட்டியில், அட்டை மூடி போட்டு, படிக்கட்டின் ஓரமாக. கறந்தவர் யார், கொண்டுவந்தவர் யார், எந்த மாட்டுப் பால் என்று ஒருவரும் கேட்பதில்லை. நான் லண்டனுக்கு வந்த முதல் வாரம் முழுக்க அந்தப் புட்டியைத் தினமும் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். கம்பம் பள்ளத்தாக்கில் இருக்கும் எங்கள் கூடலூரில் பால்காரர் மாட்டையே வாசலுக்கு ஓட்டிவந்து கண் முன்னால் கறக்க வேண்டும். கறப்பதற்கு முன் செம்பைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்ட வேண்டும். கவிழ்த்துக் காட்டிய பிறகும் என்னைப் பெற்ற ஆத்தா, தண்ணீர் ஏதும் ஒளித்துவைத்திருக்கிறாரா என்று அவர் இடுப்புத் துணியை ஒரு பார்வை பார்ப்பாள். தெரிந்த மனிதரை ஏன் இப்படிப் பார்க்கிறாய் என்று ஒரு நாள் கேட்டேன். "பாக்கலேன்னா அவருக்கே சங்கடமா இருக்கும்டா. இந்த வீட்டுல ஆளே இல்லையான்னு நினைச்சுக்கிருவாக" என்றாள்.

நான் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரி மிஸஸ் பார்லோ. கணவர் இல்லை, வாடகைக்கு விட்ட மூன்று அறைகளும் ஒரு பூனையும்தான் குடும்பம். நான் புட்டியைத் தூக்கிப் பார்ப்பதைக் கண்டு, பாலில் ஏதாவது கோளாறா என்று கேட்டாள். "தெரியவில்லை, அதனால்தான் பார்க்கிறேன்" என்றேன். இந்தியாவில் பால் கிடையாது போலிருக்கிறது என்று அவள் முடிவு செய்துவிட்டாள். அன்றிலிருந்து ஒரு மாதம், காலை உணவின்போது, இது பசு என்ற பிராணியிடமிருந்து வருகிறது என்று பொறுமையாக எனக்கு விளக்கினாள். எங்கள் தொழுவத்தில் பதினோரு மாடுகள் நின்றதை நான் சொல்லவில்லை. சொன்னாலும் நம்பியிருப்பாளா என்பது சந்தேகம்.

நான் வந்தது பத்திரிகைத் தொழில் படிக்க. அதற்கும் ஒரு படிப்பு உண்டு, அதைப் பல்கலைக்கழகத்தில் வைத்துச் சொல்லித்தருகிறார்கள் என்று கூடலூரில் சொன்னபோது யாரும் நம்பவில்லை. "ஊர்க்கதை பேசுறதுக்கு எதுக்குடா கப்பலேறணும்? சந்தைக்குப் போனாப் பத்தாதா?" என்று அண்ணன் கேட்டார். மதுரையில் ஒரு பத்திரிகையில் ஒரு வருஷம் பிழை திருத்திக்கொண்டிருந்தவன் நான். மேலே போக வேண்டுமென்றால் சீமைப் பட்டம் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்து வந்தேன். இங்கே எங்கள் வாத்தியார் முப்பது வருஷம் செய்தித்தாளில் பிறர் எழுத்தை வெட்டியே பிழைத்தவர். அவர் முதல் வகுப்பில் இரண்டு விதிகள் சொன்னார். முக்கியமான சங்கதியை முதல் வாக்கியத்திலேயே போடு. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு, வேண்டாததெல்லாம் குப்பைக்கு. இது ஒன்று. ஒருவரையொருவர் அறியாத இரண்டு பேர் சொல்லாமல் எதையும் நம்பாதே. இது மற்றொன்று. இரண்டாவது விதியைக் கேட்டதும் எனக்குப் பிறந்த வீட்டுக்கு வந்தது போல இருந்தது. எங்கள் பக்கத்துக் கோம்பை நாய், சோறு போட்டு வளர்த்தவனையே ஒரு தடவை மோந்து பார்த்துவிட்டுத்தான் வாலாட்டும். அந்தப் பள்ளத்தாக்கில் பிறந்தவனுக்குச் சந்தேகத்தைப் பாடமாக நடத்துவது கொல்லன் தெருவில் ஊசி விற்பதுதான்.

முதல் விதிதான் தொண்டையில் சிக்கியது. காரணம் சொல்கிறேன்.

எனக்குப் பதின்மூன்று வயது. உத்தமபாளையத்தில் ஒரு வீட்டில் தங்கி உயர்நிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் காலையில் சித்தப்பா வண்டி கட்டிக்கொண்டு வந்து நின்றார். "அய்யாவுக்கு லேசாக் காய்ச்சலு. ஒன்னையப் பாக்கணும்னு சொன்னாக. ரெண்டு நாள் இருந்துட்டு வந்துரலாம்" என்றார். பள்ளிக்கூடம் போக வேண்டாம் என்ற சந்தோஷத்தில் ஏறிக்கொண்டேன். வழி நெடுக மழையைப் பற்றிப் பேசினார், ஏலக்காய் விலையைப் பற்றிப் பேசினார். கம்பம் வந்ததும் வண்டியை ஒரு காப்பிக் கடை முன்னால் நிறுத்தி, "மொதல்ல சாப்பிடு" என்றார். நான் நாலு இட்லி தின்றேன். இன்னும் ரெண்டு தின்னு என்றார். தின்றேன். இன்னும் ரெண்டு என்றார். எப்போதும் கணக்குப் பார்க்கும் மனிதர் இப்படி வாங்கிக் கொடுக்கிறாரே என்று எனக்குக் கொண்டாட்டமாக இருந்தது. கூடலூர் எல்லையில் சாவுக் கொட்டுச் சத்தம் கேட்டபோதுதான் அவர் என் தோளைப் பிடித்தார். சாவு விழுந்த கேத வீட்டில் அடுப்பு எரியாது. செய்தி தெரிந்தால் பிள்ளைக்குச் சோறு இறங்காது. ஆகவே வயிறு நிரம்பிய பிறகுதான் வாய் திறக்க வேண்டும். எங்கள் பக்கத்து முறை அது. அன்பு கலந்த முறைதான், மறுக்கவில்லை. ஆனால் என்னைப் பெற்ற அய்யா கட்டையாகக் கிடந்த நேரத்தில் எட்டு இட்லி தின்றவன் நான் என்பதை இன்றுவரை என்னால் செரிக்க முடியவில்லை. அதற்குப் பிறகு யாராவது "முதலில் சாப்பிடு" என்று சொன்னால் எனக்கு வயிறு மூடிக்கொண்டுவிடும்.

இதை ஒரு நாள் வாத்தியாரிடம் சொன்னேன். எங்கள் ஊரில் சாவை யாரும் முதல் வாக்கியத்தில் சொல்ல மாட்டார்கள், கடைசி வாக்கியத்திலும் சொல்ல மாட்டார்கள் என்றேன். அப்படியானால் யார் செத்தார் என்று எப்படித்தான் தெரிந்துகொள்வீர்கள் என்று கேட்டார். "சாப்பாடு போடுவார்கள், சார்" என்றேன். நான் வேடிக்கை செய்வதாக நினைத்து அவர் வாய்விட்டுச் சிரித்தார். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன்.

ஊரிலிருந்து பதினைந்து நாளைக்கு ஒரு கடிதம் வரும். ஆத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவள் சொல்லச் சொல்ல அண்ணன் எழுதுவார். மேல வீட்டுக்காரி கோழிக்குச் சண்டை போட்டது, செவலைப் பசு காளைக் கன்று ஈன்றது, குமுளி மலையில் மழை இறங்கியது, மதினி குழம்பில் உப்புப் போட மறந்தது என்று நாலு பக்கம் ஓடும். முதல் வருஷக் கடைசியில் அந்தக் கடிதங்கள் திடீரென்று சுருங்கின. ஒரு பக்கம், பிறகு அரைப் பக்கம். "ஆத்தா நலம். மாடு கன்று நலம். மழை இல்லை. நீ நன்றாகச் சாப்பிடவும்." அவ்வளவுதான். ஆத்தா சொன்னதாக ஒரு வரி கூட இல்லை. மூன்று கடிதங்கள் இப்படி வந்தன. மூன்றிலும் கடைசி வரி ஒன்றே: நன்றாகச் சாப்பிடவும்.

பழைய கடிதங்களையும் புதியவற்றையும் மேசையில் பரப்பி, வகுப்பில் கற்றபடி அலசினேன். பழையவற்றில் ஆத்தா பேசுகிறாள், திட்டுகிறாள், பொய் சொல்கிறாள். புதியவற்றில் அவள் வெறும் "நலம்." நலமாக இருக்கும் மனுஷி நாலு பக்கம் பேசாமல் இருப்பாளா? நான்காவது கடிதம் வந்த அன்று காலை, மிஸஸ் பார்லோ அதை இடுப்புக்கு முன்னால் கட்டியிருந்த சமையல் துணியின் பைக்குள் வைத்துக்கொண்டு, "முதலில் சாப்பிடு, பிறகு தருகிறேன்" என்றாள். நான் எழுந்து நின்றுவிட்டேன். "யார் செத்தது?" என்று கேட்டேன். அவள் பயந்துபோய், யாரும் சாகவில்லை, முட்டை ஆறிவிடும், அதற்காகத்தான் சொன்னேன் என்றாள். நான் முட்டையைத் தொடவில்லை. கடிதத்தில் அதே நாலு வரி.

அண்ணனிடம் கேட்டுப் பயனில்லை, அவர் மறைப்பவர். அந்த இரண்டாவது விதி நினைவுக்கு வந்தது. ஒருவரையொருவர் அறியாத இரண்டு பேர். முதல் ஆள் காதர். உத்தமபாளையத்தில் என்னோடு படித்தவன், கம்பத்தில் அவன் தகப்பனாரின் ஜவுளிக் கடையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கூடலூர்க்காரர்கள் தினமும் அந்தப் பக்கம் போய்வருவார்கள், அவன் காதுக்கு எட்டாமல் இருக்காது. இரண்டாவது ஆள் சுருளியாண்டி. கோம்பையில் இருக்கும் என் தாய்மாமன் மகன். ஒரு கல்யாணத்தில் சரியாகக் கூப்பிடவில்லை என்று அந்த வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் இரண்டு வருஷமாகப் பேச்சு இல்லை. அண்ணன் சொல்லிக்கொடுத்து மச்சான் பேச மாட்டான். இதைவிடச் சுத்தமான சாட்சி கிடைக்காது என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. இருவருக்கும் தனித்தனியாக எழுதினேன். பிள்ளையார் சுழி இல்லை, நலம் விசாரிப்பு இல்லை. வாத்தியார் சொன்னபடி முதல் வாக்கியத்திலேயே சங்கதி: "என் ஆத்தா இறந்துவிட்டாளா? எப்போது, எப்படி என்று உடனே தெரிவிக்கவும்."

இனி நடந்ததைக் காதர் பிறகு எழுதித்தான் அறிந்தேன். பெற்ற தாயைப் பற்றி இப்படி ஒரு கேள்வியை, அதுவும் மங்கலக் குறி எதுவும் இல்லாத கடிதத்தில், எங்கள் ஊரில் எவனும் சும்மா எழுத மாட்டான். கோம்பையில் சுருளி அதைப் படித்ததும், செய்தி சீமைவரை போய்விட்டது, பக்கத்தில் இருக்கும் பிறந்த வீட்டுக்குச் சொல்லவில்லையே என்று கொதித்தான். பகை ஒரு பக்கம், முறை ஒரு பக்கம். பிணத்துக்குப் போர்த்தும் கோடித் துணி பிறந்த வீட்டிலிருந்து போகாமல் ஒரு பெண்ணின் காரியம் நடக்கலாமா? வீட்டுப் பெண்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு கம்பம் வந்து, கோடிச் சேலை வாங்க ஒரு ஜவுளிக் கடையில் ஏறினான். அது காதரின் கடை. யாருக்குக் கோடி என்று காதர் கேட்டான். "கூடலூரு அத்தைக்கு. மகன் லண்டன்ல இருந்து எழுதியிருக்கான்" என்றான் சுருளி. காதர் அசந்துபோய், "எனக்கும் அவங்கிட்ட இருந்து கடுதாசி வந்துச்சே! நான் நம்பாம இருந்தேன்" என்றான். ஆக, ஒருவரையொருவர் அறியாத இரண்டு பேர் சொல்லிவிட்டார்கள். என் ஆத்தா செத்தது உறுதியாகிவிட்டது. காதர் கடையை அடைத்துவிட்டு அதே வண்டியில் ஏறிக்கொண்டான்.

தெருமுனையில் பெண்கள் இறங்கி, மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரியோடு நடந்தார்கள். வாசலில் வற்றல் காயவைத்துக்கொண்டிருந்த ஆத்தா முறத்தோடு எழுந்து பார்த்தாள். "ஏலே சுருளி, யாருக்குடா என்ன?" என்றாள். அழுகை அப்படியே நின்றது. பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"ஒண்ணுமில்ல அத்தே. சும்மா, ஒங்களப் பாத்துட்டுப் போலாம்னு வந்தோம்" என்றான் சுருளி.

"சும்மா வாரவன் கையில கோடி எதுக்குடா?"

சுருளி சேலையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தான். நிலைமையைச் சரிக்கட்டுகிறேன் என்று காதர் முன்னால் வந்தான். அவன் நல்லவன்; அதுதான் வினை. ஆத்தாவின் கையைப் பிடித்து, "எல்லாம் பொறவு பேசிக்கிரலாம். நீங்க மொதல்ல ஒரு வாய் சாப்பிடுங்கத்தா" என்றான்.

ஆத்தா முறத்தைக் கீழே வைத்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்தாள். "சின்னவந்தானே?" என்று மட்டும் கேட்டாள்.

அதற்குப் பிறகு, நான் உயிரோடு இருக்கிறேன் என்று யார் எதைச் சொல்லியும் எடுபடவில்லை. என் கடிதங்களைக் காட்டினார்கள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. படித்துக் காட்டுகிறவர்களை நம்ப அவள் தயாராக இல்லை. "நீங்க நாலு பேருஞ் சேந்து மறைக்கிறீக. அவுக அய்யா செத்தப்ப அந்தப் புள்ளைக்கி நாமளும் மறைச்சோம்ல, எனக்குத் தெரியாதா?" என்றாளாம். வெற்றிலை போடுவதை விட்டாள். சோற்றைத் தொடமாட்டேன் என்று ஒரு வேளை கம்பங்கூழோடு நிறுத்திக்கொண்டாள். அண்ணனிடமிருந்து வந்த கடிதம் வசவோடு ஆரம்பித்தது. "முக்கியமானதை மட்டும் சுருக்கமாக எழுதவும், வேண்டாத பேச்சை வெட்டவும் என்று போன வருஷம் எனக்குப் பாடம் எடுத்தது நீதானே? அதன்படிதான் எழுதினேன். ஆத்தா சொன்னதையெல்லாம் வெட்டினேன்." அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. வகுப்பில் கற்ற புதிதில், அண்ணனுக்கும் நாகரிகமாகக் கடிதம் எழுதக் கற்றுக்கொடுத்தேன். கற்றுக்கொடுத்ததை நானே மறந்துவிட்டேன். வெட்கத்தில் அன்று வகுப்புக்குப் போகவில்லை.

போட்டோ எடுத்து அனுப்பினேன். செத்தவர்களைத்தான் உட்காரவைத்துப் போட்டோ எடுப்பார்கள் என்று ஆத்தா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கடைசியில் அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். அண்ணனை உட்காரவைத்து எனக்கு ஒரு கேள்வி எழுதச் சொன்னாள்: "நீயும் நானும் மட்டும் சுருளி அருவிக்குப் போனோமே, அங்கே ஒரு மாடு உன்னை முட்ட வந்ததே. அப்போது உன்னை எந்தப் பக்கம் இழுத்தேன்?" நான் அந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு இரண்டு நாள் யோசித்தேன். எந்தப் பக்கமும் நினைவில்லை. மாடும் நினைவில்லை. பிறகுதான் உறைத்தது: நானும் ஆத்தாவும் மட்டும் எங்கேயும் போனதே இல்லை. அருவிக்கு மட்டுமல்ல, எங்கேயுமே. அவளைத் தனியாக ஓர் இடத்துக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. அதைத்தான் பதிலாக எழுதினேன், எழுதும்போது அழுதேன். அண்ணன் என் பெயரில் எழுதுவதாக இருந்தால் வலது பக்கம் என்றோ இடது பக்கம் என்றோ எழுதியிருப்பார். நான் மூன்று தவணை பணம் கட்டிப் படித்த வித்தையை அவள் வற்றல் காயவைத்துக்கொண்டே கற்றிருந்தாள்.

பதிலை ஆத்தா இரண்டு தரம் படிக்கச் சொல்லிக் கேட்டாளாம். பிறகு, "எழுதினது அவந்தான்" என்றாளாம். வீட்டில் எல்லாரும் மூச்சுவிட்டார்கள். "எழுதின அன்னைக்கி உசுரோட இருந்திருக்கான். சரி. கடுதாசி வர மூணு வாரம் ஆகுதே, இன்னைக்கி?" என்றாள்.

இதற்கு அண்ணனிடமும் பதில் இல்லை, பல்கலைக்கழகத்திலும் இல்லை. கடைசியில் ஆத்தா ஓர் ஏற்பாட்டுக்கு இறங்கிவந்தாள். கடிதம் வருகிற நாளில் சோறு தின்பாள். வராத நாளில் கூழ்தான். அன்றிலிருந்து நான் தினம் ஒரு கடிதம் எழுதுகிறேன். கப்பல் வாரத்துக்கு ஒரு முறைதான். ஏழு நாள் கடிதங்களை ஒரே உறையில் போட்டு அனுப்புவேன். அண்ணன் அதைப் பதுக்கி வைத்துக்கொண்டு, நாளுக்கு ஒன்றாக இப்போதுதான் தபால்காரர் கொடுத்தார் என்று எடுத்துப் படிப்பார். இந்தத் திருட்டில் நானும் பங்காளி. பட்டம் வாங்கிய பிறகு ஒரு செய்தி நிறுவனத்தில் பிறர் தந்திகளைச் சுருக்கும் வேலை கிடைத்தது. பகலில் உலகத்துச் செய்தியைச் சுருக்குவேன். வேலைக்குக் கிளம்பும் முன் ஒரே ஒரு வாசகிக்கு மிஸஸ் பார்லோவின் பூனை குட்டி போட்டதை நீட்டி முழக்கி எழுதுவேன்.

பிறகு யுத்தம் வந்தது. ஊருக்குத் திரும்பக் கப்பலில் இடமில்லை. போகிற தபால் போய்ச் சேருமா என்று சொல்வாருமில்லை. போன குளிர்காலத்தில் மார்புச் சளி முற்றிப் பதினெட்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். பேனாவைப் பிடிக்கக் கையில் வலுவில்லை. வீடு திரும்பியதும், அந்தப் பதினெட்டு நாளும் ஆத்தா கூழ் குடித்திருப்பாளே என்ற நினைப்பே காய்ச்சலைவிட மோசமாக இருந்தது. வெகு நாள் கழித்து அண்ணனின் கடிதம் வந்தது. என் கடிதங்கள் ஒரு நாளும் தவறாமல் வருவதாகவும், ஆத்தா தினமும் சோறு தின்பதாகவும் எழுதியிருந்தார். அந்த மாதம் லண்டனில் வெயில் கடுமை என்று நான் எழுதியதாக இருந்தது. கடைத்தெருவில் முருங்கைக்காய் கிடைத்ததாகவும், நானே குழம்பு வைத்துச் சாப்பிட்டதாகவும் எழுதியிருந்தேனாம். அதைக் கேட்டு ஆத்தா விழுந்து விழுந்து சிரித்தாளாம்.

லண்டனில் பனி முழங்கால் அளவு கிடந்தது. வெங்காயம்கூடக் கிடைக்கவில்லை. அப்படியானால் கூடலூரில் என் பெயரில் ஒருவன் தினமும் எழுதிக்கொண்டிருக்கிறான். அவன் என்னைவிட நன்றாக இருக்கிறான். வெயில் காய்கிறான், குழம்பு வைக்கிறான். இதை அவள் நம்புகிறாளா, நம்புவதுபோல இருந்து அண்ணனுக்காகச் சோறு தின்கிறாளா தெரியவில்லை. இப்போதெல்லாம் அவள் கேள்வி எதுவும் கேட்பதில்லை; அது எனக்குப் பிடிக்கவில்லை. இன்னொன்றும் உண்டு. அவள் சிரித்தாள் என்று சொல்கிறவரும் அதே அண்ணன்தான். ஒரே சாட்சி. காதருக்கு எழுதிக் கேட்கலாம். சுருளிக்கு எழுதிக் கேட்கலாம். எழுதவில்லை.

இன்று காலை உட்கார்ந்து இன்றைய கடிதத்தை எழுதினேன். ஆத்தாவுக்கு: போன தடவை வாங்கிய முருங்கைக்காய் கொஞ்சம் முற்றல், நார் நாராக இருந்தது. அடுத்த வாரம் பிஞ்சாகப் பார்த்து வாங்க வேண்டும்.